எங்கள் தெருவில் ஏழு தையல் கடை. நான் யாருக்குத் தைப்பது?

கொளத்தூர் தையல்

வணக்கம். கொளத்தூரில் ஆறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நான்கு மிஷின், ஒரு ஓவர்லாக், என்னையும் சேர்த்து மூன்று பேர். பெரும்பாலும் லைனிங் ப்ளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ. ஆரம்பித்தபோது தெருவில் இரண்டே கடைதான், இப்போது ஏழு. லைனிங் ப்ளவுஸுக்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன், எதிர்க்கடையில் 300 என்று போர்டு வைத்தார்கள், ஒரே மாதத்தில் எல்லோரும் 300 ஆகிவிட்டார்கள், நானும் 320-க்கு இறங்கிவிட்டேன். வாடகை 9,000, இரண்டு பேர் சம்பளம், நூல், லைனிங் துணி, கரண்ட் எல்லாம் போக, கல்யாணம் இல்லாத மாதத்தில் எனக்கென்று எதுவுமே நிற்பதில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டால், "எல்லோருக்கும் எல்லாம் தைக்காதே, ஒரு பிரிவைப் பிடி, மார்க்கெட்டில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. என் மனதில் மூன்று யோசனை ஓடுகிறது: ஆரி எம்ப்ராய்டரி வேலை கற்றுக்கொண்டு கல்யாண ப்ளவுஸுக்குப் போவது, பள்ளிச் சீருடை ஆர்டர் எடுப்பது, இல்லை நைட்டி தைத்து ஆன்லைனில் விற்பது. மூன்றுக்கும் கையிலிருந்து பணம் போட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு லட்சத்துக்கும் கீழே, அதுவும் பையன் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்தது. எதில் இறங்குவது என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? சொந்தத்தில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருவல்லிக்கேணி அச்சகம்

சகோதரி, இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் அச்சகம் அப்பா காலத்தது, கல்யாணப் பத்திரிகைதான் சோறு போட்டது. வாட்ஸ்ஆப்பில் அழைப்பு அனுப்பப் பழகிய பிறகு, 1,000 கார்டு அடித்த குடும்பங்கள் 200 போதும் என்றார்கள். நானும் உங்களைப் போலவே மூன்று யோசனை வைத்திருந்தேன், மூன்றும் அடுத்தவர் செய்வதைப் பார்த்து வந்தவை. ஃப்ளெக்ஸ் போடலாமா, டி-ஷர்ட் பிரிண்டிங் போடலாமா என்று மிஷின் விலை விசாரித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில் ஓர் அம்மா வந்தார். வீட்டில் பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், வத்தக்குழம்பு பேஸ்ட் செய்து விற்கிறவர். பாட்டிலுக்கு ஒட்ட லேபிள் வேண்டும், ஒவ்வொன்றிலும் 200 என்றார். "2,000-க்குக் கீழே கட்டுப்படியாகாது அம்மா" என்று சொல்லிவிட்டேன், அது வாயில் தயாராக இருக்கும் பதில். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். ஏ-ஃபோர் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, கத்தரியால் வெட்டி, மேலே செல்லோ டேப் சுற்றியிருந்தார். டேப்புக்கு உள்ளே எண்ணெய் இறங்கித் தாள் மஞ்சளாகி, தயாரித்த தேதியே படிக்க முடியவில்லை. "கடைக்காரர் இப்படி இருந்தால் அலமாரியில் வைக்க மாட்டேன்கிறார்" என்றார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது, இதே மாதிரி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யாருக்கெல்லாம் "இல்லை" சொல்கிறேனோ அதை மட்டும் எழுதுவது. தேதி, என்ன கேட்டார், எத்தனை கேட்டார், ஏன் முடியாது என்றேன், இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார். இரண்டு மாதத்தில் அந்த நோட்டில் பாதிக்கு மேல் ஒரே கதை: ஊறுகாய், சோப்பு, மசாலா, கேக், மூலிகை எண்ணெய் செய்கிறவர்கள், எல்லோரும் வீட்டில் இருந்து செய்பவர்கள், 100 அல்லது 200 லேபிள் போதும் என்பவர்கள்.

அடுத்த கேள்வி முக்கியம். இத்தனை பேருக்குத் தேவை இருந்தும் ஏன் யாரும் செய்யவில்லை? ஆஃப்செட் அச்சு மிஷினில் நான்கு கலருக்கு நான்கு பிளேட் போட வேண்டும், கலர் செட் ஆகும்வரை தாள் வீணாகும், 200 அடித்தாலும் 2,000 அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. அதனால்தான் பெரிய பிரஸ்காரர்கள் தொடவில்லை. டிஜிட்டல் மிஷினில் பிளேட்டே கிடையாது. ஆக, காரணம் புரிந்தது, அதைத் தாண்டும் வழியும் இருந்தது. உடனே மிஷின் வாங்கவில்லை. தெரிந்த இடத்தில் ஜாப் வொர்க்காகக் கொடுத்து அடித்து வாங்கினேன், லாபம் குறைவுதான், ஆனால் ஆறு மாதம் ஆர்டர் நிற்காமல் வருகிறதா என்று பார்க்க முடிந்தது. அதன் பிறகுதான் கடன் வாங்கினேன்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. அவர்களுக்கு லேபிளைவிட அதில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் பெரிய தலைவலி. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சேர்த்த பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சைவம் என்றால் பச்சைக் குறி, இதெல்லாம் விட்டுப்போனால் கடைக்காரர் எடுக்க மாட்டார். நான் அதைக் கேட்டு வாங்கி வரிசையாகப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு விலை பற்றிப் பேரமே குறைந்துவிட்டது.

உங்கள் மூன்று யோசனையையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். இந்த நோட்டை நாளைக்கே போடுங்கள்.

நீலா_வில்லிவாக்கம்

நான் வியாபாரம் செய்பவள் இல்லை, தைக்கக் கொடுப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவா?

அக்கா, நீங்கள் ஆரி, நைட்டி என்று எங்கேயோ தேடுகிறீர்கள். எனக்குத் தேவை சொன்ன தேதியில் கையில் கிடைக்கும் ப்ளவுஸ், அவ்வளவுதான். போன ஆவணியில் தாம்பரத்தில் தங்கை முறைக்காரிக்குக் கல்யாணம், மூன்று வாரம் முன்னாடியே துணி கொடுத்தேன். "நாளைக்கு வாங்க", "சாயங்காலம் வாங்க", "கொக்கி மட்டும்தான் பாக்கி" என்று ஐந்து முறை நடந்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கொடுத்தார்கள், கை இறுக்கம், பிரிக்க நேரமில்லை, பழைய ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு புதுப் பட்டுச்சேலை கட்டினேன். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்த்தால் அதுதான் கண்ணில் படுகிறது.

உங்கள் தெருவில் உள்ள ஏழு கடைக்கும், அப்புறம் பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் உள்ள கடைகளுக்கும் கூகுள் மேப்பில் வந்திருக்கும் விமர்சனங்களை உட்கார்ந்து படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், அது சொந்தக்காரர்கள் போட்டதாகக்கூட இருக்கும். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் நிதானமாக எழுதியிருப்பார்கள், திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை. வீடு வந்து சேர எட்டரை ஆகும், எங்கள் பக்கத்துக் கடைகள் எட்டு மணிக்கு ஷட்டர் போட்டுவிடும், ஞாயிறு லீவு. அளவு கொடுக்கவே நான் லீவு போட வேண்டியிருக்கிறது. ஒன்பதரை வரை திறந்திருந்து, தேதி தவறாமல் கொடுப்பவருக்கு நான் 450 கூடக் கொடுப்பேன்.

லைன்சேல்ஸ்_ராயபுரம்

இருபத்திரண்டு வருடம் வடசென்னையில் கடை கடையாக ஆர்டர் எடுத்தவன். அச்சக நண்பர் சொன்ன நோட்டு அருமையான விஷயம், ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. உங்கள் கடைப் படி ஏறி வந்தவர்கள்தான் அந்த நோட்டில் வருவார்கள். ஏறாமலே போகிறவர்களை அது காட்டாது.

எங்கள் ராயபுரத்துக் கதையையே சொல்கிறேன். 1970-இல் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாயுடன் இங்கேதான் ஐஸ்கிரீம் தொழிலை ஆரம்பித்தார், அருண் ஐஸ்கிரீம். பெரிய பெயர்கள் நகரத்தின் நல்ல கடைகளில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. அங்கே போய் மோதாமல் கல்லூரி விடுதிகளுக்கும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கும் கொடுத்தார். அப்புறம் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனார். அதுதான் இன்றைய ஹட்சன் பால் நிறுவனம். ஐஸ்கிரீம் அதேதான், எந்த வாசலில் போய் நின்றார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்ததும் அப்படித்தான். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பூ ஆரம்பித்தார். நான் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கவிட்டவன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பிரிவு என்றால் வயது, வருமானம் என்று பாடம் நடத்துவார்கள். கடையில் நின்றால் வேறு மாதிரி தெரியும். தினக்கூலி வாங்குபவருக்கு மாத மொத்தத்தில் ஷாம்பூ வாங்கப் பணம் இருக்கும், ஒரே நேரத்தில் பாட்டில் விலையை எடுத்து வைக்கத்தான் இருக்காது. கையில் ஒரு தடவைக்கு எவ்வளவு நிற்கிறது என்பதே ஒரு பிரிவு.

அதனால் நீங்கள் வெளியே நடங்கள். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைப் பக்கம், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம், ரெட்டேரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடிகள், எல்லாம் உங்களுக்குப் பக்கம்தான். காலை நேரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள், ஞாயிறு ஒரு நாள் போய் நில்லுங்கள். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், எங்கே பின் குத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தையல்காரர் கண்ணுக்கு எங்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். உங்கள் ஊர் கலர் மீன் கடைத் தெருவிலும் ஒரு முறை நின்று பாருங்கள். அங்கே அத்தனை கடை ஒரே இடத்தில் இருப்பதால்தான் எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. தையல் அப்படி இல்லை, அளவுக்கு ஒரு முறை, வாங்க ஒரு முறை, சரிபார்க்க ஒரு முறை என்று வர வேண்டும், நடக்கும் தூரத்தில் இருப்பவர்தான் உங்கள் வாடிக்கை. ஆகவே உங்கள் பிரிவு அந்த நடக்கும் தூரத்துக்குள் போதுமான அளவு இருக்கிறதா என்று எண்ணிவிட வேண்டும்.

பள்ளிச் சீருடை பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நான்கு செட் இலவசம், அதை மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் தைக்கின்றன. தனியார் பள்ளிகள் பெரும்பாலும் தங்களுக்கென்று ஒரு சப்ளையரை வைத்திருக்கும். மே, ஜூனில் மொத்தமாகத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பல மாதம் காத்திருக்கும் தெம்பு இருந்தால் மட்டும் போங்கள். அந்த ஒரு லட்சம் துணி வாங்கவே போதாது.

கொளத்தூர் தையல்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நோட்டு போட்டுவிட்டேன். சீருடையை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். நீலா சொன்னது சுருக்கென்று இருந்தது, ஏனென்றால் "கொக்கி மட்டும்தான் பாக்கி" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். வாடிக்கையாளர்களிடம் நேரடியாகவே கேட்டுவிட்டால் என்ன? அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் "இப்படித் தைத்துக் கொடுத்தால் வாங்குவீர்களா" என்று ஒரு கேள்வி போட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

மேடவாக்கம் மாவு

தெரியாது தங்கச்சி. நான் அதைச் செய்து 38,000 ரூபாய் விட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்திருந்தது, டிவியைத் திறந்தால் கம்பு, தினை, சாமை. எங்கள் பக்கத்தில் சிறுதானிய மாவு யாரும் போடவில்லை, இதுதான் இடைவெளி என்று நினைத்தேன். நீங்கள் சொன்னது போலவே இரண்டு அபார்ட்மென்ட் குழுவில் கேட்டேன். 60 பேருக்கு மேல் கைதூக்கினார்கள், "சூப்பர் அக்கா", "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்", "எங்கள் மாமியாருக்குச் சுகர், கண்டிப்பாக வேண்டும்". தனி கிரைண்டர் வாங்கினேன், தனி கவர் அடித்தேன். முதல் வாரம் 19 பேர் வாங்கினார்கள், மூன்றாவது வாரம் ஆறு பேர். மிச்சம் புளித்துப் போய்க் கொட்டினேன்.

யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் நிஜமாகவே அப்படிச் சாப்பிட ஆசைப்பட்டார்கள். ஆனால் வீட்டில் குழந்தை தொடவில்லை, வாரத்துக்கு ஒரு முறை ஒரு தோசை என்றால் ஒரு கிலோ மாவு எதற்கு? நான் "வாங்குவீர்களா" என்று கேட்டேன். "கடைசியாக எப்போது சிறுதானிய தோசை சுட்டீர்கள், எவ்வளவு மிச்சமானது" என்று கேட்டிருக்க வேண்டும். நடந்ததைக் கேட்டால் மனுஷர்கள் உண்மையைச் சொல்வார்கள். நடக்கப் போவதைக் கேட்டால் நம் மனம் நோகக் கூடாதே என்று சொல்வார்கள்.

பிறகு நிஜமான இடைவெளி எனக்குக் கிடைத்தது திரும்பி வந்த மாவில். சொன்னால் நம்புவீர்களா, ஒரு சித்திரை மாதம், வெயில் கொளுத்துகிறது, வயதான தம்பதி ஒருவர் நேற்று வாங்கிய மாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், இவர்கள் இரண்டு பேர்தான். "நாங்கள் நாலு இட்லி சுட்டோம், மீதி ஒரே நாளில் புளித்துவிட்டது, எங்களுக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது" என்றார் அந்த அம்மா. அதே மாதிரி புகார் யார் யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், எல்லாமே ஒருவர் அல்லது இருவர் இருக்கும் வீடு. தனியாக ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அதே கதை. எல்லோரும் ஒரு கிலோ பாக்கெட் போடுகிறோம், நான்கு பேர் வீட்டுக்கு அளந்த கணக்கு அது. அதனால் 400 கிராம் பாக்கெட் போட ஆரம்பித்தேன், அன்று மதியம் அரைத்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில். கிலோ கணக்கில் பார்த்தால் விலை அதிகம், ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. இப்போது என் விற்பனையில் பாதிக்கு மேல் அந்தச் சின்னப் பாக்கெட்தான்.

எழுபது வயது அம்மாவும் இருபத்து நான்கு வயதுப் பையனும் ஒரே பிரிவு என்று எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லியிருக்காது, என் மாவுக்கு அவர்கள் ஒரே பிரிவுதான்.

ஆகவே கேள்வி போடாதீர்கள், முன்பணம் கேளுங்கள். 50 ரூபாய் கொடுத்தால்கூடப் போதும். 60 பேர் கைதூக்கியதற்கு அந்த 50 ரூபாய் கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

திருவல்லிக்கேணி அச்சகம்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இடைவெளி தெரிந்ததும் ஒரு கணக்குப் போடுங்கள்: இந்த ஆள் வருடத்தில் எத்தனை முறை திரும்பி வருவார்? எனக்குப் பொடி விற்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை லேபிள் தீர்ந்து வருகிறார், கல்யாணப் பத்திரிகைக்காரர் வாழ்க்கையில் ஒரு முறை. ஆரி வேலை கல்யாணப் பெண்ணை நம்பியது, பெரிய தொகை, ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஆளைத் தேட வேண்டும்.

நீலா_வில்லிவாக்கம்

அக்கா, நோட்டில் என்ன வந்தது என்று கண்டிப்பாக இங்கே எழுதுங்கள்.

கொளத்தூர் தையல்

எழுதுகிறேன் என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிவிட்டது. மன்னிக்கவும், இப்போதுதான் உட்கார முடிந்தது.

26 நாளில் 43 "இல்லை". நானே மலைத்துப் போனேன், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல்! இத்தனைக்கும் இப்படி யாரும் வருவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரி வேலை கேட்டவர்கள் இரண்டு பேர். சீருடை ஒருவர்கூட இல்லை. நைட்டி ஒருவர், அதுவும் பெரிய சைஸ் கடையில் கிடைக்கவில்லை என்று. 17 பேர் ரெடிமேட் குர்த்தியில் கை பிரிப்பது, நீளம் குறைப்பது, பக்கம் பிடிப்பது மாதிரி அன்றைக்கே கேட்கும் ஆல்டரேஷன். "சின்ன வேலை, நேரமில்லை" என்று நானேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிரசவம் ஆனவர்கள் பால் கொடுக்க வசதியாக ஜிப் வைத்துக் கேட்டது நான்கு.

ஒன்பது பேர் வயதானவர்களுக்காக வந்தவர்கள். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் அவர் அம்மாவின் பழைய ப்ளவுஸைக் கொண்டுவந்தார். காட்டன், துவைத்துத் துவைத்து மெலிந்தது. முன்பக்கம் கொக்கி இருந்த இடத்தில் நான்கு சேஃப்டி பின், மேலே இரண்டு துருப்பிடித்து அந்தக் கறை துணியில் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி, சின்னக் கொக்கியை மாட்ட முடியவில்லை, தோளும் பிடித்துக்கொண்டதால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. தினமும் காலையில் இந்த மகள் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் பின் குத்திவிட்டுப் போகிறார். ராத்திரி இவர் வரும்வரை அம்மா அதைக் கழற்ற முடியாமல் அப்படியே இருக்கிறார். "நைட்டி போட்டுக்கொள்ளச் சொன்னால் அழுகிறார், ஐம்பது வருடம் சேலை கட்டியவர்" என்றார். அவரைத்தான் நான் முதலில், "கொக்கி மாற்றித் தர முடியாதும்மா, துணி தாங்காது" என்று அனுப்பியிருந்தேன். நோட்டில் எழுதினதால் மறுபடி போன் செய்து வரவழைத்தேன்.

ஐந்து மாதிரி தைத்துப் பார்த்தேன், என்னிடம் இருந்த வெட்டுத் துணியிலேயே, புதிதாகச் செலவு ஒன்றுமில்லை. வெல்க்ரோ வைத்தால் சேலை நூலைப் பிடித்து இழுக்கிறது, துவைத்தால் பஞ்சு அடைகிறது. டிச் பட்டன் அழுத்த விரலில் பலம் வேண்டும். பர்ஸில் வரும் காந்த பட்டன் அருமையாக ஒட்டியது, ஆனால் இரண்டாவதாக வந்தவர் அவர் அம்மாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பதாகச் சொன்னார், காந்தம் அதன் பக்கத்தில் போகக் கூடாதாம், அதோடு விட்டுவிட்டேன். கடைசியில் நின்றது, முன்பக்கம் பெரிய பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப், இழுப்பதற்கு விரல் நுழைகிற அளவு துணி வளையம், ஜிப்பை மூட மேலே ஒரு பட்டி. கைக்குழியை ஒன்றரை இஞ்ச் இறக்கி வெட்டினேன், தோளைத் தூக்காமலே கை நுழைகிறது. சேலைத் தலைப்பு மேலே வந்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

மாவு அக்கா சொன்னபடி யாரிடமும் "வாங்குவீர்களா" என்று கேட்கவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் போன் செய்து மாதிரியைக் காட்டி 100 ரூபாய் முன்பணம் கேட்டேன். ஆறு பேர் கொடுத்தார்கள். விலை 480 சொன்னேன், சொல்லும்போது எனக்கே நடுக்கமாக இருந்தது. பேரம் பேசியது ஒருவர் மட்டும்தான், அவரும் கொடுத்துவிட்டார். உடுத்துவது அம்மா, பணம் கொடுப்பது மகள் அல்லது மருமகள், தினமும் காலையில் அந்தப் பின் குத்துபவர் அவர்தான் என்பதால் 300-க்குத் தைக்கும் கடையோடு ஒப்பிடவே இல்லை. அந்த முதல் பெண் ஒன்று வாங்கிப் போய், மூன்றாம் நாள் வந்து நான்கு ஆர்டர் கொடுத்தார். அவர் அம்மா மதியம் தானே கழற்றிக் குளித்துவிட்டு வேறு மாற்றிக்கொண்டாராம்.

ராயபுரம் அண்ணன் சொன்ன மாதிரி நடந்தும் பார்த்தேன். ரயில்வே மருத்துவமனை வாசலில் ஒரு காலை நேரம் நின்றதில், பின் குத்திய ப்ளவுஸோடு வந்த பாட்டிகளை எண்ணி 20-க்கு மேல் போனதும் நிறுத்திவிட்டேன். நடக்கும் தூரத்தில் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள், ஆறு வருடம் என் கண்ணில் படவில்லை.

நீலா, உன்னால் ஒரு மாற்றம். இப்போது பில்லில் கொடுக்கும் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், தவறினால் 50 ரூபாய் குறைவு. இந்த மாதம் இரண்டு முறை 50 இழந்தேன். செவ்வாய், வெள்ளி ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும். அன்றைக்கே தரும் ஆல்டரேஷனுக்கு மதியம் இரண்டு மணி நேரம் ஒரு மிஷினை ஒதுக்கிவிட்டேன், அதில் வருவது கடை வாடகையில் பாதியைத் தாங்கும் போலிருக்கிறது. வழக்கமான லைனிங் ப்ளவுஸை நிறுத்தவில்லை, நிறுத்தும் நிலையில் நான் இல்லை.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். இந்தப் பெரிய பல் ஜிப்பை இங்கே சில்லறையில் வாங்குவதால் ஒன்றுக்கே நிறைய போகிறது. 10 இஞ்ச், காட்டன் நிறங்களில், மொத்தமாக எங்கே கிடைக்கும்?

லைன்சேல்ஸ்_ராயபுரம்

சௌகார்பேட்டையில் லேஸ், பட்டன் மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஞாயிறு தவிர்த்து வேறு எந்த நாளும் காலையிலேயே போய்விடுங்கள். ஒரே கடையில் வாங்காமல் மூன்று கடையில் நீளமும் நிறமும் சொல்லி விலை கேளுங்கள். வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம்தான் போகிறேன், வேண்டுமென்றால் ஒரு மாதிரி ஜிப்பை என்னிடம் கொடுத்தனுப்புங்கள். அப்படியே என் அம்மாவுக்கும் இரண்டு தைக்க வேண்டும், வயது எழுபத்தொன்பது, அளவு ப்ளவுஸ் கொண்டுவருகிறேன், முன்பணம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.